மல்யுத்தப் பையனுக்கு எந்தக் கல்லூரி? யார் காசு என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் மல்யுத்தத்தில் மாநில அளவில் மேடை ஏறிய பையன் வீட்டில் இருந்தால் அந்த இரண்டு வருடம் ஃபோன் ஓயாது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்து கல்லூரிப் பயிற்சியாளர்கள் பையனோடு நேரடியாகப் பேசலாம் என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் நம் ஆட்களின் பிள்ளைகளும் சிலர் மல்யுத்தத்தில் இறங்கியிருப்பதால் இந்தக் குழப்பம் தமிழ் வீடுகளுக்கும் வந்துவிட்டது. எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு பர்சன்ட் தர்றாங்க?" என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அந்தப் பணம் யாருடையது, அவர் எதற்காகத் தருகிறார், நாளைக்கு அவர் மனசு மாறினால் பையன் எங்கே நிற்பான் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முழு ஸ்காலர்ஷிப் என்கிற கனவை முதலில் கொஞ்சம் இறக்கி வைப்போம். 2025 வரை கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஒரு ஆண்கள் மல்யுத்த அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. அணியில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள், அந்த 9.9-ஐத் துண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள். நட்சத்திர வீரனுக்கு 80 சதவீதம், அடுத்தவனுக்கு 30, இன்னொருவனுக்குப் புத்தகக் காசு, மீதிப் பேருக்கு டி-ஷர்ட். 2025 ஜூன் மாதம், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கைக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்ததும் இந்தக் கணக்கு மாறியது. உடன்படிக்கையில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு போனது, அதற்குப் பதிலாக அணியில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. கூடவே, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

தாளில் பார்த்தால் முப்பது பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுக்கிறார்களா? அந்த 2.05 கோடியில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது, புதிதாகக் கூட்டும் ஸ்காலர்ஷிப்பிலும் 25 லட்சம் டாலர் வரை அதே வரம்புக்குள்தான் எண்ணப்படும். மிச்சத்தில்தான் மல்யுத்தம் கை நீட்ட வேண்டும். அதனால் மல்யுத்தத்தில் காசு புரளும் இடங்கள் எவை என்றால், கல்லூரி பட்ஜெட் பெரிதாக உள்ள இடங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் வராது, மல்யுத்தத்துக்கென்றே காசு கொடுக்கும் பணக்கார ரசிகர்கள் உள்ள இடங்கள்தான் வரும். பென் ஸ்டேட், அயோவா, ஓக்லஹோமா ஸ்டேட் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெரிய அணிகள்

பென் ஸ்டேட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கேல் சாண்டர்சன், அயோவா ஸ்டேட்டில் படித்தபோது 159 போட்டியில் ஒன்றுகூடத் தோற்காதவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம், 2009-இல் அங்கே பயிற்சியாளராகப் போனார். 2011-இலிருந்து 2025 வரை நடந்த 14 தேசியப் போட்டிகளில் 12 பட்டம் அவருடைய அணிக்கு. 2025-இல் ஃபிலடெல்பியாவில் 177 புள்ளிகள், அப்போது அது சாதனை, இறக்கிய பத்துப் பேரும் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தார்கள். கார்ட்டர் ஸ்டாரோச்சி அங்கே ஐந்தாவது தேசியப் பட்டம் வாங்கினார், அதற்கு முன் யாரும் ஐந்து வாங்கியதில்லை.

இந்த வெற்றிக்குப் பின்னால் கல்லூரிக் காசு மட்டும் இல்லை. பெரிய அணிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பயிற்சி கிளப் இருக்கும், ரீஜனல் டிரெய்னிங் சென்டர் என்பார்கள். பென் ஸ்டேட்டுக்கு நிட்டனி லயன் ரெஸ்லிங் கிளப், அயோவாவுக்கு ஹாக்கை ரெஸ்லிங் கிளப், ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு கௌபாய் கிளப். நன்கொடையில் ஓடுகிறவை. படிப்பு முடித்து ஒலிம்பிக்குக்குத் தயாராகும் வீரர்களுக்கு இவை சம்பளம் மாதிரி கொடுத்து வைத்துக்கொள்கின்றன, அதனால் பதினெட்டு வயதுப் பையன் தினமும் உலகப் பதக்கக்காரரோடு கட்டிப் புரளலாம். ஆள் சேர்ப்பில் இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. 2024-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஜான் ஸ்மித் ஓய்வு பெற்றதும், டோக்கியோ தங்கம் வாங்கிய டேவிட் டெய்லரைப் பென் ஸ்டேட் வட்டாரத்திலிருந்து கொண்டு வந்தார்கள். 34 அணிப் பட்டங்கள் வைத்திருந்தும் 2006-க்குப் பிறகு ஒன்றுகூட வராத கல்லூரி, அவருடைய முதல் வருடமே மூன்றாம் இடத்துக்கு ஏறியது.

எப்படி ஏறியது என்று பாருங்கள், இதில்தான் உங்கள் பையனுக்கான பாடம் இருக்கிறது. விமானப்படை அகாடமியில் பட்டம் முடித்த வயட் ஹெண்ட்ரிக்சன் ஒரே ஒரு வருடத்துக்கு ஓக்லஹோமா ஸ்டேட் வந்தார், 2025 இறுதிப் போட்டியில் ஒலிம்பிக் சாம்பியன் கேபிள் ஸ்டீவ்சனை 5-4 என்று வீழ்த்தினார். அதே வருடம் அயோவாவுக்கு 197 பவுண்டில் பட்டம் வாங்கித் தந்த ஸ்டீஃபன் புகானன் ஓக்லஹோமா பல்கலையிலிருந்து மாறி வந்தவர், அதற்கும் முன்னால் வயோமிங். பென் ஸ்டேட்டின் 165 பவுண்டு சாம்பியன் மிட்செல் மெசன்பிரிங்க் கலிஃபோர்னியா பாப்டிஸ்டிலிருந்து வந்தவர். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு பெரிய அணிப் பயிற்சியாளர் உங்கள் பையன் வளரும்வரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு எங்கோ வேறு யாரோ வளர்த்துவிட்ட இருபத்திரண்டு வயது ஆளை ஏப்ரலில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

எடைப்பிரிவு பத்து. 125 பவுண்டிலிருந்து 285 வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள். முப்பது பேர் அணியில் இருபது பேர் எப்போதும் சுவரோரம் நிற்பவர்கள். முன்பெல்லாம் வாக்-ஆனாக வந்து, காசு வாங்காமல் மூன்று வருடம் அடி வாங்கி, நான்காவது வருடம் அணிக்குள் வந்த கதைகள் நிறைய. இப்போது முப்பது என்ற வரம்பு இருப்பதால் அந்த முப்பத்தொன்றாவது பையனுக்கு உடை மாற்றும் அறையில் லாக்கரே கிடையாது.

பெயர் விற்றுச் சம்பாதிக்கலாமே, என்ஐஎல் இருக்கிறதே என்பார்கள். 2021 ஜூலையில் அது அனுமதிக்கப்பட்டது, அந்த செப்டம்பரிலேயே மினசோட்டாவில் படித்துக்கொண்டிருந்த கேபிள் ஸ்டீவ்சன் டபிள்யூடபிள்யூஇ-யோடு ஒப்பந்தம் போட்டார், கல்லூரிக்காகவும் தொடர்ந்து இறங்கி 2022-இல் பட்டம் வாங்கினார். ஆனால் அவர் கழுத்தில் ஒலிம்பிக் தங்கம் இருந்தது. மற்ற வீரர்களுக்கு என்ஐஎல் காசு என்பது பெரும்பாலும் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் நிதிக் குழுவின் காசு, அது முதல் பத்து இருபது பெயர்களுக்கு நன்றாக ஓடும், அதற்குக் கீழே செருப்புக் கம்பெனி தள்ளுபடி கூப்பன் அளவுக்கு இறங்கிவிடும். 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் இப்போது பதிவு செய்ய வேண்டும், கூடவே வருமான வரி. பையன் சம்பாதிக்கும் காசு பின்னால் வரும் வருடத்தின் நிதியுதவிக் கணக்கில் அவன் வருமானமாக ஏறி, உதவியைக் குறைத்துவிடவும் செய்யும், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பெரிய அணிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேசிய அளவில் முதல் ஐந்துக்குள் இருக்கும் பையன், ஒலிம்பிக் கனவு உள்ளவன், வேறு எங்கே போவான்? அயோவாவின் கார்வர்-ஹாக்கை அரங்கில் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை மோதலுக்கு 14,000 பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2015 நவம்பரில் அயோவாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் கின்னிக் கால்பந்து மைதானத்தில் திறந்தவெளியில் மோதியபோது 42,287 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் இறங்கும் பையனுக்கு அதற்கு விலையே கிடையாது. இருபதாவது, ஐம்பதாவது இடத்தில் இருக்கும் பையனின் அப்பாவுக்குத்தான் என் எச்சரிக்கை.

ஐவி லீக்

ஹார்வர்டு, பிரின்ஸ்டன், கார்னெல் உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைகளின் குழு இது. இங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது, ஹவுஸ் உடன்படிக்கையிலும் ஐவி கல்லூரிகள் சேரவில்லை. கேட்டவுடன் பலர் ஃபோனை வைத்துவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. ஐவியில் பணம் தருவது பயிற்சியாளர் இல்லை, நிதியுதவி அலுவலகம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருகிறார்கள், பையன் ஜெயித்தாலும் தோற்றாலும், முட்டி கிழிந்து உட்கார்ந்தாலும், இரண்டாம் வருடம் மல்யுத்தமே வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் அந்த உதவி தொடரும். பட்டியல் விலை வருடத்துக்கு 90,000 டாலர் என்று பார்த்து மயக்கம் போட வேண்டாம். வருட வருமானம் 2,00,000 டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு டியூஷன் இலவசம் என்று ஹார்வர்டு 2025-இல் அறிவித்தது. பிரின்ஸ்டன் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதை 2,50,000 வரை உயர்த்தியது. இரண்டு பேரும் ஐடியில் வேலை செய்யும் வீட்டில் இது உதவாமல் போகலாம், ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் கணக்கே மாறிவிடும். கல்லூரி இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது, பயிற்சியாளரைப் பார்க்கப் போகுமுன் அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மல்யுத்தம் தரமாக இருக்காதோ என்ற சந்தேகம் வேண்டாம். கார்னெலில் கைல் டேக் 2010 முதல் 2013 வரை நான்கு வருடம் நான்கு வெவ்வேறு எடையில் பட்டம் வாங்கினார். யானி டியாகோமிஹாலிஸும் அங்கே நான்கு பட்டம். 2024-இல் அணியாக இரண்டாம் இடம். பிரின்ஸ்டன், பென் (பென்சில்வேனியா பல்கலை, பென் ஸ்டேட் வேறு), கொலம்பியா, பிரவுன், ஹார்வர்டு எல்லாவற்றிலும் அணி உண்டு, யேலிலும் டார்ட்மத்திலும் மட்டும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு இன்னொரு சலுகை: கார்னெலின் விவசாயம், தொழிலுறவு போன்ற சில பிரிவுகள் மாநில அரசோடு சேர்ந்தவை, அங்கே மாநிலவாசிகளுக்குக் கட்டணம் கணிசமாகக் குறைவு.

சிக்கலும் உண்டு. மார்க் வேண்டும், அதில் பயிற்சியாளர் கொஞ்சம்தான் தள்ளிவிட முடியும், சேர்க்கை அலுவலகம் சரி என்று சொல்லும்வரை அவர் வாக்குக்கு மதிப்பு இல்லை. போட்டியில் இறங்காமல் ஒரு வருடம் ஓட்டும் ரெட்ஷர்ட் வழக்கம் ஐவியில் கிடையாது என்பதால், கார்னெல் பையன்கள் பலர் சேருவதற்கு முன்னாலேயே ஒரு வருடம் கல்லூரி இருக்கும் இதாகா ஊரில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த வருடச் சாப்பாட்டு, வாடகைச் செலவு அப்பா தலையில்.

ராணுவ அகாடமிகள்

ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ். டியூஷன் இல்லை, தங்க, சாப்பிட எல்லாம் அரசு, மாதச் சம்பளம் வேறு. பதிலுக்குக் குறைந்தது ஐந்து வருடம் ராணுவப் பணி. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பெரும்பாலும் காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரையும் வேண்டும். மேலே சொன்ன ஹெண்ட்ரிக்சன் இந்த வழியில் வந்தவர்தான், பட்டம் முடித்து அதிகாரியாகி, அப்புறம் ஒரு வருடம் வெளியே மல்யுத்தம். பையனுக்கு உண்மையிலேயே சீருடை மேல் ஆசை இருந்தால் இதைவிட உறுதியான பணம் அமெரிக்காவில் கிடையாது. காசுக்காக மட்டும் என்றால் வேண்டாம், காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்படுவது அவன்தான், நீங்கள் இல்லை.

நடுத்தர டிவிஷன் ஒன்று

என் மனசு அதிகம் சாய்வது இங்கேதான். நார்தர்ன் அயோவா, லீஹை, சவுத் டகோட்டா ஸ்டேட், ரைடர் மாதிரி இடங்கள். பென்சில்வேனியாவின் லாக் ஹேவன், புளூம்ஸ்பர்க், எடின்பரோ, கிளாரியன் எல்லாம் இன்னும் வேடிக்கை, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் இரண்டு, மல்யுத்தத்தில் மட்டும் டிவிஷன் ஒன்று. பென் ஸ்டேட்டிலிருந்து விலகிய கேரி கோலாட் லாக் ஹேவனுக்குப் போய் 1996, 1997 இரண்டு வருடமும் தேசியப் பட்டம் வாங்கினார். இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் பார்க்கர் கெக்கைசன். போர்ட்டல் திறந்து கிடந்த வருடங்களில் நார்தர்ன் அயோவாவிலேயே இருந்து 2024-இல் 184 பவுண்டில் சாம்பியன் ஆனார், அடுத்த வருடம் இறுதியில் ஸ்டாரோச்சியிடம் ஒரே புள்ளியில் தோற்றார்.

இங்கே முதல் வருடமோ இரண்டாம் வருடமோ அணியில் இடம் கிடைக்கும், பயிற்சியாளருக்குப் பையன் தேவை, அந்தத் தேவைதான் அவனுக்குப் பாதுகாப்பு. உள்மாநிலக் கட்டணமும் சேர்ந்தால் கணக்கைப் பாருங்கள். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றின் மொத்தச் செலவு 60,000 டாலர் என்று வையுங்கள், 40 சதவீதம் தருகிறோம் என்கிறார்கள், உங்கள் கையிலிருந்து 36,000. வீட்டுப் பக்கத்து மாநிலக் கல்லூரியில் மொத்தம் 32,000, ஒரு பைசா ஸ்காலர்ஷிப் இல்லை. எது மலிவு? இதில் அந்த 40 சதவீதம் டியூஷனுக்கு மட்டுமா மொத்தத்துக்குமா என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து வேறு பக்கத்தில். நடுத்தர அணியைக் கல்லூரி நிர்வாகம் ஒரு மதியக் கூட்டத்தில் இழுத்து மூடிவிட முடியும். ஓல்ட் டொமினியன் 2020-இல் மூடியது, ஃபிரெஸ்னோ ஸ்டேட் 2021-இல், கிளீவ்லாந்து ஸ்டேட் 2025 ஜனவரியில் அறிவித்தது. பணக்காரக் கல்லூரி என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை, ஸ்டான்ஃபோர்டே 2020-இல் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாகச் சொன்னது. ஷேன் கிரிஃபித் கல்லூரிப் பெயர் இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கி 2021 மார்ச்சில் தேசியப் பட்டம் வாங்கினார், முன்னாள் வீரர்கள் பணம் திரட்டினார்கள், வழக்குப் போட்டார்கள், மே மாதம் கல்லூரி முடிவை மாற்றிக்கொண்டது. எல்லாக் கல்லூரிக்கும் அப்படிப்பட்ட முன்னாள் மாணவர்கள் கிடையாது. ஆகவே நடுத்தர அணி பேசினால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள், அணிக்கென்று நிரந்தர அறக்கட்டளை நிதி இருக்கிறதா, அல்லது முழுக்க விளையாட்டுத் துறையின் வருட பட்ஜெட்டில்தான் ஓடுகிறதா.

டெக்ஸஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மாநிலத்தில் டிவிஷன் ஒன்று மல்யுத்த அணியே கிடையாது, உள்மாநிலக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. கலிஃபோர்னியாவிலும் நாலைந்துக்கு மேல் இல்லை. நியூஜெர்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ரட்கர்ஸ், பிரின்ஸ்டன், ரைடர் மூன்றும் பக்கத்திலேயே.

டிவிஷன் மூன்று

விளையாட்டு ஸ்காலர்ஷிப் தடை. ஆனால் இங்கே பணம் எதிர்த் திசையில் ஓடுகிறது, அதைப் புரிந்துகொண்டால் பேரம் பேசலாம். சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறது, மல்யுத்த அணி ஒன்று ஆரம்பித்தால் நாற்பது பையன்கள் கட்டணம் கட்டி வருவார்கள். பெரிய அணிக்கு உங்கள் பையன் செலவு, இங்கே அவன் வரவு. அதனால் மெரிட் உதவி என்ற பெயரில் பட்டியல் விலையில் பாதி வரை குறைப்பது சாதாரணம். முதல் கடிதத்தில் வந்த தொகைக்குத் தலையாட்டாமல், இன்னொரு கல்லூரிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள், தயக்கமே வேண்டாம்.

அயோவாவின் வார்ட்பர்க், மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க் இரண்டும் இந்தப் பிரிவின் ஜாம்பவான்கள், டிவிஷன் ஒன்று பையன்களே அங்கே போய்த் திணறுவார்கள். படிப்பு முக்கியம் என்கிற வீடுகளுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, என்ஒய்யூ, கேஸ் வெஸ்டர்ன், ஸ்டீவன்ஸ் எல்லாம் இந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. இவற்றைத் தமிழ் அப்பாக்கள் ஏன் முதலில் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

விசா

பையன் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருந்தால் மேலே சொன்ன பாதி மாறும். விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கலாம், அதற்குக் குடியுரிமை தேவையில்லை. மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. என்ஐஎல் காசு, கல்லூரி நேரடியாகத் தரும் பங்கு இரண்டும் வேலை வருமானமாகப் பார்க்கப்படும் ஆபத்து உள்ளது, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் அதே தலைவலி, குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அது சரியாகக் கல்லூரியின் நடுவில் வந்து நிற்கும். உள்மாநிலக் கட்டணம் பல மாநிலங்களில் எச்-4 பிள்ளைகளுக்கும் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஐவியில் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், பிரவுன் மூன்றும் வெளிநாட்டு மாணவர்களின் பண நிலையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கின்றன, கார்னெல் பார்க்கிறது. அதனால் இந்த வீடுகளுக்கு என் வரிசை: முதலில் அந்த மூன்று, அப்புறம் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும் நடுத்தர அணி, கடைசியில்தான் பெரிய பெயர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது, நல்ல விதமாக. 2025 ஜனவரியில் என்சிஏஏ பெண்கள் மல்யுத்தத்தைத் தன் 91-ஆவது சாம்பியன்ஷிப்பாகச் சேர்த்தது. அணிகள் புதிது, இடங்கள் நிறைய, அனுபவமுள்ள பெண்கள் குறைவு. பையனுக்கு ஒன்றும் தராத அதே கல்லூரி மகளுக்கு நல்ல தொகை தரலாம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வீட்டில், தேசியப் பட்டியலில் முப்பதுக்கு வெளியே இருக்கும் பையன் என்றால் என் தேர்வு இப்படி: மார்க் இருந்தால் ஐவி, அல்லது மேலே சொன்ன டிவிஷன் மூன்று கல்லூரிகள். மார்க் சுமார் என்றால் உள்மாநில நடுத்தர அணி. முதல் பத்துக்குள் இருந்தால் பெரிய அணி. கையெழுத்துப் போடும் தாளில் தொகை எத்தனை வருடத்துக்கு, காயம் பட்டால் தொடருமா, முப்பது பேர் வரம்பில் வெளியே விட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். கல்லூரியில் சேர்வதாகப் பையன் கையெழுத்துப் போட்டு வந்த பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரோடு எடுக்கப்பட்டுவிட்டது, இப்போது நிதியுதவி ஒப்பந்தம்தான் எல்லாம். பயிற்சியாளர் வாயால் சொன்னது நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வருடம் அவரே வேறு கல்லூரியில் இருக்கக்கூடும்.